அக்காவின் சிறுநீரகமும் வராந்தாச் செடியும்

எங்கள் தெருமுனைச் சலூன்காரர் ஊரார் தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்புவார். தன் தலையை யாருக்கும் ஆட்டமாட்டார். அப்பேர்ப்பட்டவருக்கு அவருடைய அக்கா தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தாள்.

பொருத்தியது நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதன் பக்கத்திலேயே நீர் கோத்துக்கொண்டது. அடிவயிறு உப்பி, ஒரு கால் தூணாக வீங்கியது. ஊசி குத்தி உறிஞ்சினார்கள், நிறைந்தது. மறுபடி குத்தினார்கள், ஊற்றுக்கிணறு தோற்றது போங்கள்.

"அந்தத் தண்ணி என் கிட்னிய அமுக்குதுடா. இது போச்சுன்னா எங்கிட்ட இருக்கிறது ஒண்ணுதான், அது எனக்கு வேணும்," என்றாள் அக்கா.

டாக்டரம்மா ஒரு வழி சொன்னார். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமராவை உள்ளே விட்டு, நீர்ப்பையின் சுவரில் ஒரு ஜன்னல் வெட்டிவிடுவது. கசிவதை வயிறே உள்ளுக்குள் உறிஞ்சிக்கொள்ளும்.

நாள் குறித்தார்கள். சிறுநீரகம் சோர்ந்திருப்பதாக ரத்தப் பரிசோதனை சொன்னது, தள்ளிப்போட்டார்கள். மறுபடி குறித்தார்கள், மறுபடி அதே கதை. உடம்பு அதை ஏற்க மறுக்கிறதோ என்று மருந்தை மாற்றினார்கள். பலனில்லை. எரிச்சலில் அக்கா நடந்த நடையில் ஆஸ்பத்திரி வராந்தா தேய்ந்து கீழ்மாடி தெரிந்தது.

அப்போதுதான் தொட்டிச் செடிகள் கண்ணில் பட்டன. எல்லாம் வதங்கிக் கிடக்க, தம்பியின் அறை வாசலில் இருந்தது மட்டும் கூரையைத் தொட்டு, போகிற நர்ஸின் தொப்பியைப் பறித்துக்கொண்டிருந்தது. மண்ணில் விரலை விட்டாள். சேறு.

"குடிக்கக் குடுத்த தண்ணியெல்லாம் இங்கயாடா ஊத்துற?"

"உள்ள தண்ணி கோத்திருக்குங்கறாங்க, நான் வேற மேல ஊத்தணுமா? டயாலிசிஸ் காலத்துல ஒரு டம்ளர் கூடிட்டா நீதானக்கா சாமியாடுவ?"

அக்கா டாக்டரம்மாவைக் கூட்டி வந்து செடியைக் காட்டினாள். டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "அது குடிச்ச தண்ணி இல்லங்க. ஆபரேஷன்ல அறுபட்ட நிணநீர்க் குழாய்லேருந்து கசியறது. நீங்க குடிக்காததால கிட்னிதான் காயுது."

"நாங்க மண்டைய உடைச்சுக்கிறோம், தொர தோட்டம் போடுறாரு!" அக்கா பாட்டிலோடு காவலுக்கு உட்கார்ந்தாள். சிறுநீரகம் தெளிந்தது. ஜன்னலும் வெட்டினார்கள்.

கண் விழித்தவர் கட்டிலுக்கடியில் தேடினார். "எடுத்த தண்ணி எங்கக்கா?"

"உன் வயிறே குடிச்சிடுச்சு."

"என்னைக் கேக்காமலா?"

கால் வீக்கம் வற்றியது. சில நாளில் வராந்தாவில் நடக்கையில் செடி தலை தொங்கி நிற்பதைப் பார்த்து உச்சுக்கொட்டினார்.

"பாவம்க்கா, ஒரு வாய்..."

"முதல்ல என் கிட்னிக்கு," என்று பாட்டிலை அவர் வாயில் வைத்தாள் அக்கா.