சாமை கட்டிய மருந்து பாட்டில்

பேதி மருந்து பாட்டிலின் கழுத்தில் ஒரு சின்னத் துணி முடிச்சு தொங்கியது. பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சிட்டிகை சாமை. இருமல் மருந்தின் முடிச்சில் கொள்ளு, புண்ணுக்குத் தடவும் மருந்தில் மஞ்சள் துண்டு. எழுபதுகளின் கடைசியில், புதூர்நாட்டுப் பக்கம் ஒரு மலைக் கிராமத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு நான் நர்ஸாகப் போன புதிது. எல்லாம் அங்கே ஆயா வேலை பார்த்த அக்காவின் கைவேலை.

அக்கா மலைக்காரர், மூன்றாம் வகுப்புவரை படித்தவர். ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் தெரியும். கூட்டிப் படிப்பதில்தான் தகராறு; மூன்றாவது எழுத்துக்குப் போவதற்குள் முதல் எழுத்து ஓடிவிடும். நேற்று படித்த சொல்லை இன்று காட்டினால் புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஆனால் எந்த வீட்டுப் பிள்ளை எந்த மழையில் பிறந்தது, எந்தப் புளியமரம் யாருடையது என்று கேட்டால் மூச்சு விடாமல் சொல்வார். ஒரே தலைக்குள் இது தங்குகிறது, அது ஏன் தங்கவில்லை? எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. பேதி மருந்துக்கு ஏன் சாமை என்று கேட்டேன். "வவுறு கெட்டுச்சின்னா சாமக் கஞ்சிதான ஊத்துவோம்?" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

அவர் வேலையை நிரந்தரமாக்கலாமா என்று பார்க்கக் கீழேயிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. முடிச்சுகளைப் பார்த்தால் அக்காவுக்குப் படிக்க வராது என்று தெரிந்துவிடுமே என்று, முந்தின நாள் அக்கா வேலை முடிந்து கிளம்பியபின் அத்தனையையும் அவிழ்த்து எறிந்தேன். எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான். காலையில் அக்கா வரும்போதே ஜீப்பும் வந்துவிட்டது. சொல்ல நேரமில்லை.

"பேதி மருந்த எடும்மா" என்றார் அதிகாரி. அக்காவின் கை ஒரு பாட்டிலின் கழுத்துக்குப் போனது, அடுத்ததற்குப் போனது. பிறகு உதட்டை அசைத்து எழுத்துக் கூட்ட ஆரம்பித்தார். மூன்றாவது பாட்டில் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. நானும் அப்போது தற்காலிகம்தான், பயம். கடைசியில் அவரே திரும்பி, "படிக்க வர்லீங்க" என்றார். வேலை வேறொருத்திக்குப் போனது.

எனக்கு இப்போது எழுபது நெருங்குகிறது. போன வாரம் மளிகைச் சீட்டு எழுதும்போது பெருங்காயம் என்ற சொல் வரவே இல்லை. வாசனை மூக்கில் இருக்கிறது, பெயரைக் காணோம். எங்கே போய் உட்கார்ந்திருக்கும் என்று எரிச்சலும் வேடிக்கையுமாகத் தேடினேன். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்த பிறகுதான் வந்தது. கூடவே அக்கா ஞாபகமும் வந்தது.

வேலையை விட்டுப் போன அன்று அவர் என்னைத் திட்டவில்லை. "இன்னாத்துக்கு நர்சம்மா அவுத்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அழுக்காக இருந்தது என்று பொய் சொன்னேன்.

"சொல்லியிருந்தா தொவச்சிக் கட்டியிருப்பனே" என்றார்.