தாய்மொழி என்று கை தூக்கியவர்கள்

விளவங்கோடு பக்கம் பிறந்து தமிழில் படித்தவள் நான். கல்யாணமாகி எல்லை தாண்டிக் கேரளத்துக் குளத்தூருக்கு வந்தபின் மலையாளமும் ஒட்டிக்கொண்டது. நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. வருகிறவரின் முகத்தைப் பார்த்தே எந்த மொழியில் கையை நீட்டச் சொல்வது என்று முடிவு செய்துவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் மகளின் பள்ளிக்கூடத்தில் என் காலை வாரியது.

நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தை மாற்றி எழுதுகிறார்களாம், பொதுமக்களும் கருத்துச் சொல்லலாமாம். அதற்குச் சனிக்கிழமை கூட்டம். டீயும் பழம்பொரியும் தீர்ந்தால் கூட்டமும் தீர்ந்துவிடும் என்று என் கணவர் வரவில்லை. எனக்குக் கேட்க ஒன்று இருந்தது. பள்ளியில் முன்பு தமிழ்ப் பாடவேளை உண்டு. சொல்லிக்கொடுத்த டீச்சர் மாற்றலாகிப் போனதோடு அதுவும் போயிற்று. ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வீட்டில் மூச்சு விடாமல் தமிழ் பேசுவாள். எழுதச் சொன்னால் அதே தமிழை மலையாள எழுத்தில் எழுதுவாள். நான் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் சண்டையாகிவிடும். எனக்குப் பொறுமை கிடையாது, அவளுக்கும் என் குணம்தான். பாடவேளை திரும்ப வந்தால்தான் வழி.

மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தை நடத்தியவர் ஓய்வுபெற்ற அதிகாரி, சாந்தமான மனிதர். தாய்மொழிக்கு முதலிடம் வேண்டுமா என்று மலையாளத்தில் கேட்டார். எல்லோரும் கை தூக்கினோம், கைதட்டினோம். எந்தத் தாய்மொழி என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

என் முறை வந்தது. எழுந்து, தமிழ்ப் பாடவேளை ஏன் வேண்டும் என்று விளக்கினேன். தடுமாறவில்லை. ஒரு நல்ல பிரசங்கம் மாதிரியே வந்தது. அதிகாரி சிரித்துக்கொண்டே சொன்னார்: "இத்ர நல்ல மலையாளம் அறியாமல்லோ, பின்னெந்தினா தமிழ்?" இவ்வளவு நல்ல மலையாளம் தெரிகிறதே, பிறகு தமிழ் எதற்கு என்கிறார்.

அப்போதுதான் உறைத்தது. தமிழ் வேண்டும் என்று நான் மலையாளத்தில் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊர் நாக்கின் பழக்கம் இது. அடுப்படியிலும் சண்டையிலும் தமிழ், நாலு பேர் முன்னால் எழுந்தால் மலையாளம். அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே பாராட்டினார். அதுதான் இன்னும் எரிந்தது.

உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. மறுபடி எழுந்து வீட்டில் பேசுகிறபடியே பேசினேன்.

"எனக்க பிள்ள வீட்டுல பேசுதது தமிழாக்கும். பேசுதத எழுத அவளுக்குத் தெரியாது. அத நீங்கதான் படிப்பிக்கணும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் தமிழை மேடையில் கேட்டால் மீன்காரியோடு விலை பேசுவது மாதிரித்தான் இருக்கும். ஆனால் அதுவரை விளையாட்டு மைதானத்துக்காக மலையாளத்தில் வாதாடிக்கொண்டிருந்த ஆட்டோக்காரர், "அக்கா சொல்லுதது சரியாக்கும்" என்றார். குறிப்பெடுத்த இளம் வாத்தியார், தமிழ்ப் பாடவேளை கோரப்பட்டது என்று மலையாளத்தில் ஒரு வரி எழுதிக்கொண்டார். அது மேலே போகுமா, போனால் யார் வாசிப்பார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை.

முடிவில் பேசியவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். பேங்கிலும் லேபிலும் நான் மலையாளத்தில்தான் போடுவேன். அன்றைக்கு வீம்பாகத் தமிழில் போட்டேன். மேலே இருப்பவர்களுக்குப் புரிய வேண்டாமா, பக்கத்தில் மலையாளத்திலும் எழுதுங்கள் என்று வாத்தியார் தயங்கித் தயங்கிக் கேட்டார். கேட்டது யார் என்றாவது தெரியட்டும் என்று அதையும் எழுதினேன்.

மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். மலையாளத்தில் இருந்ததைச் சத்தமாக வாசித்தாள். பிறகு பக்கத்தில் இருந்ததன் மேல் விரலை வைத்தாள்.

"அம்மா, இது என்னதாக்கும்?"

"அதும் எனக்க பேராக்கும், மக்கா."