இலையில்லாத ஆர்க்கிட் பார்க்கப் போனோம்

என் மாமனார் கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அதற்குத்தான் எனக்குப் பயம். அதியமான்கோட்டையில் எங்கள் தெருவே அவரைப் பெரியவர் என்றுதான் சொல்லும். நான் பள்ளியில் தாவரவியல் பாடம் எடுக்கிறேன். செடி பார்க்கக் காட்டுக்குப் போகிறேன் என்றாலே அவருக்கு ஆகாது. "புஸ்தகத்துல பாத்தா பத்தாதாம்மா?" என்பார்.

ஒகேனக்கல் காட்டில் வேலை செய்யும் வனக்காவலர் ஒருவர், எனக்கு அண்ணன் மாதிரி, போனில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மரப்பட்டை மேல் யாரோ இடியாப்பத்தை உதறிவிட்ட மாதிரி பச்சை வேர்கள், நடுவே மஞ்சள் பூ. இலையே இல்லை. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடைமழைக் காட்டிலேயே அபூர்வமான ஆர்க்கிட், மழைக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் நம் மாவட்டத்தில் என்ன செய்கிறது? பூவைப் பக்கத்தில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, பூவோ சீக்கிரம் கொட்டிவிடும். வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கினோம். மாமனாரிடம் மட்டும் பென்னாகரத்தில் கல்யாணம் என்று புளுகிவிட்டு, பட்டுப்புடவையோடு கணவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

ஓடைக்கரை நீர்மருது மரத்தில், என் தலைக்குச் சற்று மேலே அது இருந்தது. கணவர் தண்ணீர் பிடிக்க ஓடை வளைவுக்குப் போயிருந்தார். காவலர் அண்ணன் மேட்டில் நின்றார். நான் போனைத் தூக்கிப் பிடித்தேன். மேட்டிலிருந்து அடங்கிய குரல் வந்தது.

"அம்மா, பெரியவரு வராரு. அசையாம நில்லுங்க."

மாமனாரா! எந்தப் பாவி போட்டுக்கொடுத்தான்? இவ்வளவு தூரம் தேடிக்கொண்டு வந்துவிட்டாரே! ஓடைப் பக்கம் மூங்கில் புதர் அசைந்தது.

"மாமா!" என்றேன், அழாக்குறையாக. "கோவிச்சுக்காதீங்க மாமா, நாந்தான் இவர இழுத்துட்டு வந்தேன்."

புதருக்கு மேலே ஒரு பெரிய நெற்றி எழுந்தது. அப்புறம் தந்தம். அந்தக் காட்டில் யானையை யானை என்று சொல்ல மாட்டார்கள், பெரியவர் என்பார்கள் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து வளைவுக்குள்ளிருந்து, "தோ வந்துட்டன்!" என்று கணவரின் குரல். எங்கள் பக்கம் மாமனாரும் மாமாதான், கட்டினவரும் மாமாதான். தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

அவருக்கும் எனக்கும் நடுவில் அது நின்றது. அவர் குரல் வந்த பக்கம் காதை விரித்தது. கத்தினால் என் மேல் பாயும், கத்தாவிட்டால் அவர் நேராக அதன் காலடிக்கே வருவார். கடவுளே, அவருடைய செருப்புச் சத்தம் எனக்குக் கேட்டது.

"என்னாச்சு? பூவு பூத்திருக்குதா?" என்று சிரித்துக்கொண்டே வந்தார். யானை அவர் பக்கம் திரும்பியது.

"வராத!" என்று அலறினேன். "மாமா, வராத!"

வாங்க, போங்க தவிர அவரிடம் வேறு பேசியறியாத வாய் இது. செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது. அந்த 'வராத'வைக் கேட்டுத்தான் ஏதோ விபரீதம் என்று நின்றாராம். யானை என் பக்கம் திரும்பித் துதிக்கையைத் தூக்கி மோந்தது. நான் கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மூங்கில் முறியும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அது ஓடையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அவர் வந்ததும் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். காவலர் அண்ணன், "பூவ போட்டோ எடுத்தீங்களாம்மா?" என்று கேட்டார். போன் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. தேடி எடுத்தோம், அதில் ஒரு படமும் இல்லை. நிமிர்ந்து பார்க்கவும் தெம்பில்லை, என்ன ஆர்க்கிட் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

மாமா என்று கணவரைக் கூப்பிடுவதை அன்றோடு விட்டுவிட்டேன். "வராதன்னாச்சும் கூப்புடேன்" என்று கேலி செய்கிறார். நானும் சிரித்து வைக்கிறேன். ஆனால், கூப்பிட்டால் வந்துவிடுவாரே என்று பயமாக இருக்கிறது. எது வேண்டுமென்றாலும் நானே எழுந்து, அவர் இருக்கிற இடத்துக்குப் போய்க் கேட்டுக்கொள்கிறேன்.