ராஜினாமா கொடுக்காத பிராது

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைகளைச் சூளையில் அடுக்கும் வேலையில் என் ஆயுளின் பெரும்பகுதி கழிந்தது. குனிந்து நிமிரும் அவ்வேலைக்கு இரு கால்களும் வேண்டும். இடது காலை, பட்டப்பகலில், கருவேப்பிலங்குறிச்சிச் சாலையோரம் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபோது, பின்னால் வந்த ஒரு கார் முறித்துப் போட்டது. ஓட்டிவந்தவன் இறங்கி என் முகத்தருகே குனிந்து, "ஒண்ணுமில்ல பெரியவரே, ஒண்ணுமில்ல" என்றான். அவன் சொல்லுக்கு முன்பே பிராந்தி நெடி வந்து சேர்ந்தது.

போலீசில் புகார் பதிவாயிற்று. நான் ஆஸ்பத்திரியில் கிடக்கையில் என் மனைவி மணவாளநல்லூர் முருகன் கோயிலுக்குச் சென்று பிராது கட்டினாள். நேர்ந்த அநியாயத்தைச் சாமிக்குத் தாளில் எழுதி, பூசித்து, அங்குள்ள வேலில் கட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். காரியம் முடிந்தபின் கட்டியவரே சென்று, 'பிராதைத் திரும்பப் பெறுகிறேன்' என்று ராஜினாமா எழுதிக் கொடுத்தால்தான் அது தீரும். 'குடித்துவிட்டுக் கார் ஓட்டி என் வீட்டுக்காரர் காலை ஒடித்தவனை நீயே கேள்' என்று எழுதியிருந்தாள். அங்கிருந்து நேரே வக்கீலிடம் சென்றாள். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலும் வழக்கு ஏறியது.

நான் வீடு திரும்பியதும், ஓட்டியவனின் மாமா ஆப்பிள் பையோடு வந்தார். கார் அவருடையது.

"கோர்ட்டுல குடின்ற பேச்சை மட்டும் எடுக்காதீங்க. தெரியாம இடிச்சுட்டான்னு சொல்லுங்க, இன்சூரன்ஸ்காரன் குடுத்துடுவான். குடின்னு சொன்னா கைய விரிச்சுடுவான். நஷ்டம் உங்களுக்குத்தான?"

நான் கலங்கியது உண்மை. சூளைக்கு இனிப் போக முடியாதவன், வரவேண்டிய இழப்பீட்டையும் என் வாயாலேயே கெடுத்துக்கொள்வதா? வக்கீலிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"ரோட்டுல நடந்தவருக்கு மொதல்ல குடுங்கன்னுதான் பெரும்பாலும் கோர்ட்டு உத்தரவு போடும். அப்புறம் இன்சூரன்ஸ்காரங்க கார்க்காரர்கிட்ட வசூல் பண்ணிக்குவாங்க. மாமா பயப்படறது அவருக்காகத்தாங்க."

மாமா மறுபடி பழப்பையோடு வந்தார். இம்முறை என் மனைவி பேசினாள்.

"சாமிகிட்ட குடிச்சுட்டு வந்தான்னு எழுதிக் குடுத்திருக்கறேன். ஜட்ஜுகிட்ட வேற மாதிரி சொல்லச் சொல்றீங்களா?"

"அந்தப் பிராதையும் ராஜினாமா பண்ணிடும்மா. பையன் பயந்துபோயி சோறு எறங்காம கெடக்கறான்."

"சோறுதான எறங்கல? மத்தது எறங்குதுல்ல?"

கொண்டுவந்த பழப்பையை அவர் தாமே எடுத்துக்கொண்டு போனார்.

தீர்ப்பாயத்தில் என்னைக் கூண்டில் ஏற்ற இருவர் தாங்கினர். கார்க்காரரின் வக்கீல் கேட்டார்:

"உங்களுக்குக் குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லைங்க."

"பின்ன அது பிராந்தி வாடைன்னு எப்படித் தெரியும்?"

"குடிக்காதவனுக்குத்தாங்க அது எட்டயிருந்தே தெரியும். ஓட்டிவந்தவரு என் மூக்குக்கிட்டயே வந்து ஊதுனாரு."

அவையில் சிரிப்பு எழுந்தது. நான் சிரிக்கவில்லை. விபத்தன்றே போலீசார் ஓட்டியவனுக்குச் செய்வித்த இரத்தப் பரிசோதனையும் என் பக்கமே பேசியது. இழப்பீடு என் கைக்கு வந்தது. குடிபோதையில் ஓட்டினான் என்பது தீர்ப்பில் எழுத்தாக ஏறியது. எவர் பேச்சுக்கும் அஞ்சி நான் விழுங்கிவிடாத சொல் அது.

மாமா மூன்றாம் முறையும் வந்தார். "எல்லாம் முடிஞ்சுதே, இனிமேலாவது அந்த ராஜினாமாவ…" என்று இழுத்தார். கோர்ட்டு உத்தரவைவிட வேலில் தொங்கும் தாள்தான் அவரை உறங்கவிடவில்லை.

"இடிச்சவன வரச் சொல்லுங்க," என்றேன். "தெளிவா வரணும். என் கையப் புடிச்சு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவட்டும். அவன் கண்ணெதுருல என் வீட்டுக்காரி ராஜினாமா குடுப்பா."

இன்றுவரை அவன் வரவில்லை. பிராது வேலிலேயே இருக்கிறது. நானும் ஊன்றுகோலோடு அதே சாலையில், அதே ஓரத்தில்தான் நடக்கிறேன். ஒதுங்க வேண்டியவன் நானல்லன்.