கேள்வித்தாள் வாசிக்கும் குரல்

மார்கழியில் ஓசூருக்கு வெளியே இருக்கும் எங்கள் பள்ளி காலை பத்து மணி வரை முழுதாகக் கண் விழிக்காது. சானமாவுக் காட்டுப் பக்கமிருந்து பனி இறங்கி வந்து விடுதியையும் கூடைப்பந்துத் திடலையும் சில்வர் ஓக் மரங்களையும் மூடிவிடும். சுற்றுச்சுவருக்கு அப்பால் கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் போகிற சத்தம் கேட்கும், பஸ் தெரியாது. எங்கெங்கோ தேசங்களிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் பிள்ளைகள் அந்த வெண்மைக்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து என் அறைக்குள் வருவார்கள். தூக்கத்திலேயே நடந்து வந்துவிட்டார்களோ என்று எனக்குத் தோன்றும்.

என் அறைக் கதவில் ‘கற்றல் உதவி’ என்று எழுதியிருக்கும். வீட்டு நினைப்பில் அழுகிறவர்கள், படிப்பு பிடிபடாதவர்கள், காரணம் தெரியாமல் சோறு இறங்காதவர்கள் எல்லாரையும் என்னிடம்தான் அனுப்புவார்கள். பள்ளியில் எனக்குப் பொறுமைசாலி என்று பெயர். சொந்த ஊர் கல்லாவியில் என் அண்ணனிடம் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், இன்றைக்கும்.

அந்தப் பெண் அஞ்செட்டிக்கு மேலே ஒரு மலைக் கிராமத்துக்காரி. எங்கள் பள்ளி ஆண்டுதோறும் ஓர் உள்ளூர்ப் பிள்ளைக்கு இலவச இடம் தரும். அப்படி ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். அவளுக்கு வாசிப்பு வரவில்லை என்றதும், தமிழ் வழியில் படித்தவள், ஆங்கிலம்தான் தொல்லை என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள், நானும்தான். ஒருநாள் ஒரு தமிழ்ப் பத்தியை நீட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “இதுலயும் எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது மிஸ்” என்றாள். தமிழாவது வாசிக்க வருகிறதா என்று அத்தனை மாதம் அவளை யாரும் கேட்கவில்லையே என்று எனக்கு வெட்கமாகப் போயிற்று.

கண்ணால் படிக்க முடியாததைக் காதால் படித்தாள். ஒருமுறை கேட்டால் போதும், மறக்க மாட்டாள். அதனால் ஒவ்வொரு நாளும் மதியச் சாப்பாட்டுக்குப் பின் அவளுக்குப் பாடங்களை வாசித்துக் காட்டுவது என் வேலை ஆனது. அவள் தரையில் திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். நான் வாசிப்பேன். இலை, வேர், இதயத்தின் நான்கு அறைகள், நிலவின் இழுப்பு. வாசிக்க வாசிக்க எனக்கே சொக்கும். ஜன்னல் திரை மெல்ல ஆடும். பாடம் எங்கே முடிகிறது, மதியம் எங்கே முடிகிறது என்று தெரியாது. மூன்று வருடத்துக்கு மேல் அப்படிப் போயிற்று. என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த நேரம் அதுதான் என்று தயங்காமல் சொல்வேன்.

ஒன்பதாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் எல்லாம் வந்து நின்றது. அதில் தேறினால்தான் இலவச இடம் பத்தாம் வகுப்புக்கும் நீளும். அவளுடைய அப்பா ராகியும் நாலைந்து மாடும் வைத்திருப்பவர். தேர்வுக்கு முன் பள்ளிக்கு வந்தவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “பாப்பாவுக்கு முடியலன்னா சொல்லிடுங்க மேடம். நானே வந்து கூட்டினு போயிடறேன். புள்ளைய நோகடிக்காதீங்க” என்றார். அவர்கள் ஊரிலிருந்து மேல்நிலைப் பள்ளிக்குப் போக நேரத்துக்கு பஸ் கிடையாது. ஊருக்குப் போனால் படிப்பு அத்தோடு சரி என்பது அவருக்கும் அவளுக்கும் எனக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குத் தேர்வில் கேள்வித்தாளை ஒருவர் வாசித்துக் காட்டலாம். அதற்குக் கடுமையான விதி உண்டு. எத்தனை முறை கேட்டாலும் வாசிக்கலாம், விளக்கக் கூடாது. எந்தச் சொல்லையும் அழுத்தக் கூடாது, குரல் ஏறவோ இறங்கவோ கூடாது. அறிவியல் தாள் முழுவதும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நான் வாசித்தேன். அவள் வழக்கம்போலக் கண்ணை மூடிக் கேட்டு, ஒவ்வொன்றாகக் குறித்தாள். ஏறக்குறைய எல்லாம் சரி.

ஆசிரியர் அறையில் நான் அலட்டிய அலட்டல் கொஞ்சமில்லை. எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் மதியம் அவள் வந்தாள், திண்டில் உட்காரவில்லை.

“மிஸ், அந்தப் பரீட்சை நான் எழுதல.”

“பின்னே யாரு எழுதினாங்க? நானா?” என்று சிரித்தேன்.

“ஆமா மிஸ். சரியான பதில் வர்றதுக்கு முன்னாடி நீங்க லேசா மூச்சு இழுத்துக்கிறீங்க. எப்பவுமே அப்படித்தான். மூச்சு கேட்டா டிக் பண்ணிடுவேன்.”

கோபம் சுரீரென்று ஏறியது. “அப்போ ஏமாத்தியிருக்கே!” என்று கத்தினேன். அடுத்த அறையில் யாரோ வாசித்துக்கொண்டிருந்த பியானோ சட்டென்று நின்றது.

அவள் அழவில்லை. “நான் ஏமாத்தல மிஸ். நீங்கதான் சொன்னீங்க” என்றாள்.

அன்று தனியாக உட்கார்ந்து, தேர்வில் இருந்த கேள்விகளைப் போலவே வேறு சிலவற்றை வாசித்து என் குரலைக் கைபேசியில் பதிவு செய்து கேட்டேன். இருந்தது. ஒரு சின்ன மூச்சு. இதோ வருகிறது, விட்டுவிடாதே என்று கெஞ்சுகிற மூச்சு. இத்தனை வருடமும் என் ஆசை என்னை அறியாமல் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. பேசாமல் விட்டுவிடலாம் என்று நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். அவளும் நானும் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது, அவள் இடம் பத்திரம். ஆனால் பத்தாம் வகுப்பு இறுதித் தேர்வில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து வாசிப்பார். அதற்குப் பயந்துதான் அந்தப் பிள்ளை தானாக வந்து சொல்லியிருக்கிறது.

தேர்வுகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அறிவியல் மதிப்பெண் ரத்தானது. பத்து நாளில் புதிய தாள், புதிய குரல். ஆசிரியர் யாரும் வேண்டாம் என்றேன். விடை தெரிந்த எவருக்கும் மூச்சு இழுக்கத்தான் செய்யும். கடைசியில் பள்ளி பஸ்களை மேய்க்கிற அலுவலரைப் பிடித்தோம். வீட்டில் தெலுங்கு, டிரைவர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ், அறிவியலில் எதுவும் இல்லை. “எனக்கே ஒண்ணும் வெளங்கல மேடம், அந்தப் பாப்பாவுக்கு நான் என்னாத்த சொல்லிக் குடுத்துடப் போறேன்?” என்றார்.

தேர்வன்று பனி ஜன்னல் கண்ணாடியை அப்பிக்கொண்டிருந்தது. உள்ளே என்னை விடவில்லை. வெளியே நின்றேன். அவர் குரல் மட்டும் மிதந்து வந்தது. ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஊர் பெயர் கூவுகிறவரைப் போல, நுரையீரல், தளி, கல்லீரல், தேன்கனிக்கோட்டை என்று எல்லாம் ஒரே சுருதியில் போவதாக எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சரியான விடைக்கும் நான் வெளியே மூச்சு இழுத்தேன். விட்டபோது கண்ணாடியில் அது வெள்ளையாகப் படிந்தது, உள்ளே போகவில்லை. பதில் தெரிந்தும் கொடுக்க முடியாமல் நிற்பது அவ்வளவு வலிக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மயிரிழையில் தேறினாள். இடம் நிலைத்தது. அவளுடைய அப்பாவுக்கு நானே போன் செய்தேன். மறுமுனையில் மாட்டு மணிச் சத்தத்துக்கு நடுவே, “அப்போ கூட்டினு போக வேணாங்களா?” என்றார். வேண்டாம் என்று சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

அன்று மதியம் அவளிடம், “ரொம்பப் பயமா இருந்துச்சா?” என்று கேட்டேன்.

“மொதல்ல இருந்துச்சு மிஸ். அவரு கொரல்ல ஒண்ணுமே இல்ல. தேடித் தேடிப் பாத்தேன், இல்லவே இல்ல. அப்புறம் நான் நெனைக்கிறது எனக்கே கேட்டுச்சு.” திண்டை இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நீங்க படிக்கும்போது அது கேக்காது மிஸ்.”

நான் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தேன். அவள் திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பாட நேரம் முடியும் வரை இருவரும் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.