மூடிக் கணக்கு

கருகிய பருத்திக்காட்டில் அப்பாவும் நானும் நின்றோம். பூச்சிமருந்து விற்ற சங்கரன்கோவில் கடைக்காரர் வரவில்லை. அந்த மருந்தைத் தயாரித்த வெளிநாட்டுக் கம்பெனியின் அதிகாரி வந்திருந்தார். பேசும் முன் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பது அவர் பழக்கம்.

"வருசாவருசம் ஊத்துத மாதிரி ஒரு மூடிதான் ஊத்தினேன், ஐயா," என்றார் அப்பா.

"புது டப்பாவுக்கு மூடி பெரிசு. அளவு மேலேயே போட்டிருக்கே."

"இங்கிலீஷ்ல போட்டிருக்கு, சார். இத்தன நாட்டுல விக்குதீய. எங்க வீட்டுல அத வாசிக்க நான் ஒருத்தன்தான், நானும் ஹாஸ்டல்ல கிடக்கேன்," என்றேன்.

வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"தமிழ்ல எழுதிக் கொடு, தம்பி."

நான் எழுதிக் கொடுத்ததை டவுனில் அச்சடித்துக் கடையிலிருந்த ஒவ்வொரு டப்பாவிலும் அவரே ஒட்டினார். பருத்திக்கு நஷ்டஈடு கேட்டோம். கம்பெனி சட்டம் இடம் தராது என்றார். அவர் நல்லவர்தானா என்று இன்றும் யோசிக்கிறேன். இருநூறு சீட்டுக்கு அச்சுக்கூலி, கம்பெனிக்கு ஆன மொத்தச் செலவு, பன்னிரண்டு ரூபாய்.