கீழே பார்க்கும் அம்பு

"ஆம்பளைக்கு வாரதெல்லாம் அசதி, சீக்கு கெடையாது..." என்று பெரியப்பா சொல்லுவார், பின்பாதி மறந்துவிட்டது. மஸ்கட்டில் பதினெட்டு வருடம் ரத்தம் எடுத்துவிட்டு, தூத்துக்குடிக்குத் திரும்பி லேப் வைத்தவன் நான். இத்தொழிலில் மாட்டிக்கொண்ட சகாக்களுக்குத் தெரியும்: சர்க்கரைக்கு வருகிறவர் வாசலிலேயே சத்தமாகச் சொல்லுவார்; ஆண் ஹார்மோனுக்கு வருகிறவர் டாக்டர் சீட்டை எட்டாக மடித்து நீட்டுவார்.

மடித்த சீட்டு

திரேஸ்புரத்து சூசைக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், பிள்ளை இல்லை. மனைவி ஜெசிந்தாவுக்கு எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது, ஒரு குறையும் இல்லை. அடுத்து இவர். வள்ளத்திலிருந்து இறங்கி, மீன்வாடையோடு பதினொரு மணிக்கு மனைவியுடன் நேரே வந்திருந்தார். என்ன டெஸ்ட் என்று கேட்டதும் எட்டாக மடித்த சீட்டை நீட்டி, குரலைத் தாழ்த்தினார்: "சத்தமா வாசிச்சிராதீங்க அண்ணாச்சி, சர்க்கரைன்னே எழுதிக்கிடுங்க."

நாட்டுக்கு லாபம்

ரத்தம் எடுக்கும்போது வெளியே பெஞ்சில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், கையில் பேப்பர். ஜனத்தொகை அவருக்குத் தீராத கவலை. ஜெசிந்தாவுக்குப் பிள்ளை இல்லை என்று தெரிந்ததும் ஆறுதலாகத்தான் சொன்னார்: "பூமி தாங்காதும்மா. நாட்டுக்கு ஒரு லாபம்னு நெனச்சுக்கிடணும்." ஜெசிந்தா கோபப்படவில்லை. "நாட்டுல கூட்டம் இருக்கும் சார். இவரு கடலுக்குப் போயிட்டா எங்க வீட்டுல நான் ஒருத்திதான்."

அம்பு

சாயங்காலம் சூசை தனியாக வந்தார். ரிப்போர்ட் ஆங்கிலத்தில்தான், ஆனால் எண்ணுக்குப் பக்கத்தில் கீழே பார்க்கும் அம்புக்குறியைப் படிக்கப் பள்ளிக்கூடம் போக வேண்டாம். அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவள ஆலந்தலைக்கே கொண்டு விட்டுருதேன். அவ அம்மா வீட்டுல இருந்து வேற வாழ்க்கை பாத்துக்கிடட்டும்." ராத்திரி சாப்பிட்டீரா, தூங்கினீரா என்று எதையோ கேட்டுவைத்தேன். "எங்கன தூங்க? மூணு ராத்திரியா கடல்ல வலையோட கெடந்தேன்."

என் தப்பு

தூக்கமில்லாத உடம்பில், அதுவும் உச்சி நெருங்கும் நேரத்தில் இந்த ஹார்மோன் இறங்கித்தான் இருக்கும். காலையிலேயே எடுக்க வேண்டிய ரத்தம். பதினெட்டு வருட அனுபவக்காரன், கேட்காமல் ஊசியைக் குத்திவிட்டேன். அவர் முன்னாலேயே டாக்டருக்குப் போன் போட்டு என் தவறைச் சொன்னேன். நாலு நாள் நன்றாகத் தூங்கவைத்து, மறுபடி காலையில் எடுக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் காலை இருவரும் வந்தார்கள், எடுத்தேன். இந்த முறை அம்பு இல்லை. பிள்ளைக்கு இது மட்டும் போதாது, இன்னும் சோதனைகள் உண்டு என்றும் சொன்னேன். சூசை தலையாட்டினார், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே. ஜெசிந்தாதான் பேசினார்: "நாலு நாளும் அவரு தூங்குனாரு அண்ணாச்சி, கொறட்டையில நான்தான் தூங்கல."

இப்போதெல்லாம் கடலிலிருந்து நேரே வருகிறவர்களுக்கு நான் இந்த டெஸ்டுக்கு ரத்தம் எடுப்பதில்லை. தூங்கி எழுந்து மறுநாள் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லுகிறேன்.